பொறி பூட்டிய துவிச்சக்கர வண்டியும் உறுப்பு முறிவின் பொறுப்பும்

துவிச்சக்கர வண்டி மனிதனுடைய இரு கால்களின் வலிமைக்கேற்பச் சமைக்கப்பட்ட ஒரு கருவியாகும். அதன் சட்டகம், முன்கவை, சக்கரக் கம்பி, தடுப்பு ஆகிய உறுப்புகள் யாவும் அவ்வலிமையையே அளவாகக் கொண்டவை. அவ்வளவைக் கடந்து, சிறு பொறியொன்றை அதிற் பூட்டி ஓட்டும் வழக்கம் புதியதன்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர், மோட்டார் வண்டி வாங்க வசதியற்ற மக்களிடையே இது விரைந்து பரவிற்று. பிரான்சில் 1946இல் விற்பனைக்கு வந்த வெலோசொலெக்ஸ், முன்சக்கரத்தின் மேலமைந்த பொறியினால் ரயரின்மீது உருளையொன்றைச் சுழற்றி ஓடியது. இங்கிலாந்தில் 1950இல் வெளிவந்த சைக்கிள்மாஸ்ரர், 25.7 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள பொறியைப் பின்சக்கரத்தினுள்ளேயே அடக்கியது. யப்பானில் 1952இல் ஹொண்டா நிறுவனத்தார் தமது 'கப்' என்னும் சிறு பொறியைத் துவிச்சக்கர வண்டிக் கடைகளுக்குக் கடிதமூலம் அறிவித்து விற்றனர். இன்று பெற்றோற் பொறியின் இடத்தை மின்மோட்டாரும் மின்கலமும் பெரும்பாலும் பற்றிக்கொண்டன. எனினும் செயல் ஒன்றே.

மேற்கூறிய மூன்றினுள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. வெலோசொலெக்ஸ் தொழிற்சாலையிலேயே முழு வண்டியாக முடிக்கப்பட்டது. ஏனைய இரண்டும் உறுப்புகளாகவே விற்கப்பட்டன. அவற்றை வண்டியோடு சேர்த்தவர் கடைக்காரர் அல்லது உடையவர். ஓட்டத்தின் நடுவே ஓர் உறுப்பு முறிந்து, ஓட்டியவரோ வீதியிற் சென்ற பிறரோ காயமுற்றால், அதற்கு விடைகூற வேண்டியவர் யார் என்னும் வினா, வெலோசொலெக்ஸைப் பொறுத்தவரை எளிது. மற்றவற்றைப் பொறுத்தவரை அரிது. வண்டி செய்தவர் பொறியை அறியார். பொறி செய்தவர் வண்டியை அறியார். இரண்டையும் இணைத்தவர் இரண்டிலொன்றையும் செய்தாரல்லர். சட்டம் இவர்களுள் யாரைப் பற்றுகின்றது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

பொறுப்பை ஆராயுமுன் முறிவை அறிதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் நுகர்பொருட் பாதுகாப்பு ஆணைக்குழுவின் விதிகள், கைத்தடுப்புள்ள துவிச்சக்கர வண்டியை மணிக்கு 15 மைல், அஃதாவது 24 கிலோமீற்றர், வேகத்தில் ஓட்டி 15 அடிக்குள் நிறுத்திச் சோதிக்குமாறு கூறுகின்றன. அவ்வண்டியே பொறியினால் 45 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகக் கொள்வோம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதாதலின், தடுப்புக் கட்டைகள் விழுங்கவேண்டிய ஆற்றல் இரு மடங்கன்று, ஏறக்குறைய மூன்றரை மடங்காகின்றது. பொறியின் எடை இதிற் சேர்க்கப்படவில்லை. தடுப்பிற் குறையொன்றுமில்லை, அது செய்யுமென எவரும் கூறாத வேலையை அதனிடம் எதிர்பார்ப்பதிலேயே குறை உளது.

பெற்றோற் பொறித்தொகுதிகள் பலவற்றில், பின்சக்கரத்தைச் சுழற்றும் பற்சக்கரம் குடத்தோடு பொருத்தப்படுவதில்லை. கம்பிகளின் இருபுறத்தும் றப்பர்த் துண்டுகளை வைத்து, அவற்றிடையே கம்பிகளை நெரித்துத் திருகாணிகளால் இறுக்குவர். நீளவாக்கில் இழுபடுவதற்கென அமைந்த கம்பி, இப்போது பக்கவாட்டில் வளைக்கப்படுகின்றது. இன்னும் அஞ்சத்தக்கது சங்கிலியை இறுக்கும் சிறு உருளையாகும். சட்டகத்தின் பின்தண்டைப் பற்றிநிற்கும் அதன் பிடி தளர்ந்து திரும்புமாயின், உருளை கம்பிகளுக்கிடையே புகுந்து சக்கரத்தை ஒரு கணத்திற் பூட்டிவிடும். மின்மோட்டாரை முன்சக்கரக் குடத்தில் அமைத்தவிடத்தோ, மோட்டாரின் முறுக்குவிசை அச்சைக் கவையின் பிளவினுள்ளே திருப்ப முயலும். அதனைத் தாங்கும் தனிக்கை பொருத்தப்படாவிடின் பிளவு விரிந்து சக்கரம் கழலக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றுண்டு. இரும்பு களைப்பது. மயிலிறகே ஆயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியுமென வள்ளுவர் கூறியது மிகைப்பாரத்தால் வரும் முறிவு. அளவுமீறாத பாரத்தாலும் அச்சு முறியும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டே உலகுக்குக் காட்டியது. 1842ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், வெர்சேயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய புகையிரதத்தின் இயந்திரத்தில் அச்சொன்று முறிந்தது. தென்துருவக் கடல்களைக் கண்டு மீண்ட தூமொன் தூர்வில் என்னும் கடலோடி உட்படப் பலர் தீயில் மாண்டனர். பலகாலம் குறையின்றி ஓடிய அச்சு, வழமையான பாரத்தின்கீழ் ஏன் முறிய வேண்டும்? செருமனிய புகையிரதப் பொறியியலாளராகிய ஆகஸ்ற் வோலர், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் அச்சுகளை ஆயிரமாயிரம் முறை வளைத்துச் சோதித்து இதற்கு விடை கண்டார். ஒருமுறை தாங்கும் பாரத்தை ஓர் உலோகம் பல இலட்சம் முறை தாங்குமென்பதற்கு உறுதியில்லை. சிறு கீறலொன்று தோன்றி, ஒவ்வொரு அதிர்விலும் அணுவணுவாக வளர்ந்து, எஞ்சிய பகுதி தாங்கமாட்டாத நிலையிற் சடுதியாக முறிவு நேர்கின்றது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை அதிரும் பொறியைக் கால்மிதிக்கென அமைந்த சட்டகத்திற் கட்டுவோர் எண்ணவேண்டியது இது. பொறியைப் பொருத்தத் தண்டில் ஒரு துளையிடுவோர் அக்கீறலுக்குத் தொட்டிலும் செய்துவைக்கின்றனர்.

வியப்பென்னவெனில், முறிவைப்பற்றிய அறிவு பிறக்க ஏதுவான அதே 1842ஆம் ஆண்டிலேயே, முறிவினாற் காயமுற்றவனுக்கு இங்கிலாந்தின் சட்டம் கதவை அடைத்தது. தபால் வண்டியோட்டியான விண்டர்பொட்டம் என்பவன், வண்டி உடைந்து வீழ்ந்து வாழ்நாள் முழுவதும் முடவனானான். வண்டியைச் செம்மையாக வைத்திருப்பதாகத் தபாலதிபரோடு ஒப்பந்தம் செய்திருந்தவர் றைற் என்பவர். வண்டியோட்டி அவர்மீது வழக்கிட்டபோது நீதிமன்றம் அதனைத் தள்ளிற்று. ஒப்பந்தம் தபாலதிபரோடன்றி உன்னோடன்று. உனக்கு இடங்கொடுத்தால் வீதியிற் செல்லும் ஒவ்வொருவனும் வழக்கிட வருவான் என்பதே நீதிபதிகளின் அச்சம். அவ்வச்சம் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு நீதியாக நடமாடியது. வண்டியை வாங்கியவன் காயமுறாமலும் ஓட்டியவனும் வழிப்போக்கனும் காயமுற்றும் போகும் ஓர் உலகில், வாங்கியவனுக்கு மட்டும் உரிமை வழங்கிய சட்டத்தை என்னென்பது!

அக்கதவைத் திறந்தது ஒரு சக்கரமே. நியூயோர்க் மாநிலத்தில் மக்பேர்சன் என்னும் கல்தச்சர் வாங்கிய பியூக் மோட்டார் வண்டியின் மரச்சக்கரம் ஒன்று, ஓட்டத்தின்போது நொறுங்கியது. பியூக் நிறுவனத்தார் வண்டியைச் செய்தனரேயன்றிச் சக்கரத்தைச் செய்திலர். அதனை வேறொரு தொழிலகத்திலிருந்து வாங்கிப் பூட்டியிருந்தனர். மக்பேர்சனும் அவர்களிடம் நேரே வாங்கினாரல்லர். வியாபாரி ஒருவரிடம் வாங்கினார். 1916இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தீர்ப்பெழுதிய கார்டோசோ நீதியரசர், கவனமின்றிச் செய்தால் உயிருக்கு ஊறு விளைக்கும் எனத் தெரிந்த எப்பொருளையும் செய்பவர், அதனைப் பயன்படுத்துவோர்பாற் கடப்பாடுடையார் என்றார். அவர் காட்டிய நியாயங்கள் நம் பொருளுக்கு மிக அணுக்கமானவை. வண்டி மணிக்கு 50 மைல் ஓடுமாறு அமைக்கப்பட்டது. ஆகவே சக்கரம் சோர்ந்தால் கேடு வருமென்பது செய்தவருக்குத் தெரியும். அதில் மூவர் அமர இடமிருந்தது; ஆகவே வாங்குபவரையன்றிப் பிறரும் ஏறுவர் என்பதும் தெரியும். சக்கரம் பிறர் செய்ததென்னும் மறுப்போ, சோதித்திருந்தாற் குறை வெளிப்பட்டிருக்கும் என்னும் சான்றின் முன்னே நிற்கவில்லை. உறுப்பை விலைக்கு வாங்கலாம், பொறுப்பை விற்கமுடியாது என்னும் நிலை இங்ஙனம் உருவாயிற்று. இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலும் இந்நிலை 1932இல், பெய்ஸ்லி நகரில் இஞ்சிப்பானப் போத்தலொன்றைப் பற்றி எழுந்த டொனகியூ வழக்கிற் பிரபுக்கள் சபையால் ஏற்கப்பட்டது. அட்கின் பிரபுவின் 'அயலவர்' கொள்கை நம் மாணவர் பலரும் அறிந்ததாதலின் ஈண்டு விரிக்கவில்லை.

இனி, இணைத்தவரின் பொறுப்புக்கு வருவோம். இதுவே இப்பொருளின் நடுநாடி. டொனகியூ வழக்கின் மை உலருமுன்னரே, 1935இல், மோட்டார் சைக்கிளோடு பக்கவண்டியைச் செவ்வனே பொருத்தாதுவிட்ட தொழிலகத்தார்மீது ஆங்கில நீதிமன்றத்தில் வழக்கெழுந்தது. பக்கவண்டி ஓட்டத்திற் கழன்றது. அவர்கள் மோட்டார் சைக்கிளையும் புதிதாகச் செய்தாரல்லர். எனினும் இரண்டையும் சேர்த்த கை அவர்களுடையதாதலின் பொறுப்பும் அவர்களதாயிற்று. 1939இல் வந்த வழக்கு இன்னும் தெளிவானது. பழுதுபார்க்கப்பட்டு வீதிக்கு வந்த லொறியொன்றின் சக்கர வளையம் கழன்று, நடைபாதையிற் சென்ற பெண்ணொருத்தியைத் தாக்கியது. பழுதுபார்த்தவர் பொறுப்பாளி ஆனார். தக்க தொழிலறிஞரிடம் வேலையை ஒப்படைத்திருந்த லொறியின் உடையவர் விடுவிக்கப்பட்டார். பெண்ணுக்கும் பழுதுபார்த்தவருக்கும் இடையே ஒப்பந்தமில்லை, பணமில்லை, அறிமுகமில்லை. 1842இல் நீதிபதிகள் அஞ்சிய வழிப்போக்கர் வந்தேவிட்டார். நீதிமன்றம் இடிந்து வீழவில்லை.

உறுப்பைச் செய்தவர் நிலை யாது? உறுப்பிலேயே குறையிருந்தால், அதாவது வார்ப்பிற் குமிழியோ உருக்கில் அழுக்கோ இருந்தால், அவர் தப்பமுடியாது. உறுப்பு செம்மையாயிருந்து, பொருந்தாத இடத்திற் பொருத்தப்பட்டதனால் முறிந்ததாயின், நிலை வேறு. ஐரோப்பியப் பொருளாதார சமூகம் 1985இல் வெளியிட்ட பொருட்பொறுப்புப் பணிப்புரை, குறையுள்ள பொருளைச் செய்தவர் கவனயீனம் இன்றியும் பொறுப்பாவார் என விதித்தது. உறுப்புச் செய்பவரையும் இறக்குமதி செய்பவரையும் அவ்வகையில் அடக்கியதோடு, முழுப்பொருளின் அமைப்பினாலேயே குறை வந்ததாயின் உறுப்புச் செய்தவர் விலகலாம் என்றும் கூறியது. கவனயீனத்தை நிறுவாமலே செய்தவரைப் பொறுப்பாக்கும் இந்நெறியைக் கலிபோர்னிய உயர் நீதிமன்றம் 1963இலேயே ஏற்றிருந்தது. 1978இல் ஐக்கிய அமெரிக்காவில், லொறியின் அடிச்சட்டகத்தைக் குப்பை வண்டியாக மாற்றியபின் நேர்ந்த விபத்தொன்றில், பின்னோக்கி நகரும்போது ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தாமைக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வி எழுந்தது. தொழில் வழக்கம் என்ன, எவருக்கு அறிவு மிகுதி, எந்தக் கட்டத்தில் அக்கருவியைப் பொருத்துதல் இயலும் என்பவற்றை நோக்கிய நீதிமன்றம், பல பயன்களுக்குரிய அடிச்சட்டகத்தைச் செய்தவரைப் பொறுப்பாக்க மறுத்தது. துவிச்சக்கர வண்டி செய்பவர், அதில் எவரோ பொறியைப் பூட்டுவாரென எண்ணிக் கவையை அமைக்கவேண்டும் என்று கூறுதல் அதனினும் கடினம்.

2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பழைய பணிப்புரையை நீக்கிப் புதியதொன்றை ஆக்கியது. 2026 டிசம்பர் 9 முதலாகச் சந்தைக்கு வரும் பொருள்களுக்கு உரிய அது, இதுகாறும் தீர்ப்புகளில் உட்கிடையாக இருந்ததை வெளிப்படக் கூறுகின்றது. செய்தவரின் ஆளுகைக்கு அப்பால் ஒரு பொருளைக் கணிசமாக மாற்றி, மீளச் சந்தைக்கோ பயன்பாட்டுக்கோ விடுபவர், அப்பொருளைச் செய்தவராகவே கருதப்படுவார். துவிச்சக்கர வண்டியிற் பொறியைப் பூட்டி விற்பவருக்கு இதனினும் பொருத்தமான விதி வேண்டுவதில்லை. அவர் தம்மைத் 'திருத்துநர்' என்றே எண்ணியிருப்பார். சட்டம் அவரைப் புதியதோர் வண்டியின் ஆக்குநர் என்று அழைக்கின்றது. என் கருத்திலும் இதுவே முறை. பொறியின் வேகமும் கவையின் வலிமையும் ஒருங்கே ஒருவர் கண்முன் வரும் இடம் அவருடைய பட்டறை ஒன்றே. கவை தாங்குமா என்று கேட்கும் வாய்ப்பு வேறெவருக்கும் இல்லை.

முற்கூறிய சங்கிலி உருளையைக் கொண்டு இதனைப் பொருத்திப் பார்ப்போம். உருளையின் பிடி வார்ப்புக் குறையால் வெடித்திருந்தால் உருளை செய்தவரும், அதனைத் தொகுதியிற் சேர்த்து விற்றவரும் பொறுப்பு. பிடி செம்மையாயிருந்து, திருகாணி இறுக்கப்படாமையாற் சுழன்றதாயின் பூட்டியவர் பொறுப்பு. பிடி வட்டத் தண்டுக்கென அமைந்திருக்க, முட்டைவடிவத் தண்டில் அதனைப் பூட்டியதாற் சுழன்றதாயின், அங்கே தொகுதியோடு வந்த அறிவுறுத்தற் தாள் முக்கியமாகின்றது. இன்ன தண்டிற் பூட்டற்க என்று எழுதியிருந்தாற் பூட்டியவரும், எழுதாதுவிட்டால் விற்றவரும் விடைகூற நேரும். ஒரு சாண் நீளமற்ற உறுப்பின்மீது இத்தனை பேர் நிற்கின்றனர்.

ஓட்டுபவரும் உடையவரும் குற்றமற்றவர் என எண்ணிவிடலாகாது. 1972இல் இங்கிலாந்தில், விவசாயி ஒருவரின் வண்டியோடு பூட்டப்பட்டிருந்த இழுவைப்பெட்டி வீதியிற் கழன்று எதிரே வந்த மோட்டார் வண்டியில் மோதியது. தந்தையும் மகனும் இறந்தனர். தாயும் மகளும் காயமுற்றனர். இணைப்பியின் அமைப்பே குறையுள்ளது எனக் கண்டு, செய்தவர்மீது நூற்றுக்கு 75 பங்கும், உடைந்த நிலையிலேயே பல மாதங்கள் அதனைப் பயன்படுத்திய விவசாயிமீது 25 பங்கும் பொறுப்பை நீதிமன்றம் சுமத்தியது. தமது பங்கை விற்றவரிடமிருந்து பெற விவசாயி முயன்றார். 1981இற் பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. உடைந்ததெனத் தெரிந்தபின் அதனை வழங்கியவரின் உத்தரவாதத்திற் சாய்ந்துகொள்ள இயலாது என்பதே காரணம். பின்சக்கரத்தில் 'கிரிச்' என்னும் ஒலி மாதக்கணக்கிற் கேட்டும், சம்பள நாள் வரட்டுமென ஓட்டித் திரிபவர்கள் இத்தீர்ப்பை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

பொறித்தொகுதிகளோடு 'இதனைப் பூட்டுபவர் தம் பொறுப்பிலேயே பூட்டவேண்டும்' என்னும் வாசகமுள்ள தாள் வருவதுண்டு. அத்தாளுக்கு விற்பவர் கருதும் அளவு வலிமை இல்லை. நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் 1960இல், மோட்டார் வண்டிப் பத்திரத்தின் சிற்றெழுத்துகளில் அடங்கிய பொறுப்புத் துறப்பைச் செல்லாதெனத் தீர்த்தது. இங்கிலாந்தின் 1977ஆம் ஆண்டுச் சட்டம், தொழில்நடத்துவோர் தம் கவனயீனத்தால் நேரும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை எவ்வறிவித்தலாலும் விலக்கமுடியாது என்று விதித்தது. அன்றியும், தாளிற் கையொப்பமிடாத வழிப்போக்கரை அத்தாள் எங்ஙனம் கட்டும்?

நம் நாட்டுச் சட்டத்தை நோக்குவாம். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே தரம்பற்றிய உட்கிடையான நிபந்தனைகளை அது ஏற்படுத்துகின்றது. மூன்றாமவருக்கு அது உதவாது. அவருக்குரிய வழி உரோமன் டச்சுச் சட்டமாகும். தேசவழமை சொத்துரிமைகளைப் பற்றியதாதலின், காயத்துக்கான நட்டஈட்டில் யாழ்ப்பாணத்தவரும் இப்பொதுச் சட்டத்துக்கே உட்பட்டவர். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் எழுந்த அக்குவீலியச் சட்டத்தின் வழிவந்த வழக்குக்கு ஒப்பந்தம் என்றுமே வேண்டப்பட்டதில்லை. வேண்டியது எதிராளியின் தவறும் அதனால் விளைந்த நட்டமுமேயாம். ஆங்கிலர் 1842இல் அடைத்து 1932இல் திறந்த கதவு, இவ்வழியிற் கதவாகவே இருந்திலது. காயமுற்றவரும் ஓரளவு தவறியிருந்தால், நட்டஈட்டைப் பங்கிட 1968ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகின்றது. வழக்கிடும் காலவெல்லை, காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டுகள்.

ஆயினும் அக்குவீலிய வழக்கில் எதிராளியின் கவனயீனத்தை நிறுவுங் கடன் வழக்காளியைச் சார்ந்தது. அதனை நிறுவுஞ் சான்று பெரும்பாலும் முறிந்த உறுப்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. களைப்பினால் முறிந்த உருக்கின் முகத்தில், கீறல் தொடங்கிய இடத்தைச் சூழ்ந்து, சிப்பியோட்டின் வரைகள்போல் வளைந்த கோடுகள் காணப்படும். அப்பகுதி வழவழப்பாயும், இறுதியிற் சடுதியாக முறிந்த பகுதி கரடுமுரடாயும் இருக்கும். வழவழப்பான பகுதி பெரிதாயின் கீறல் நெடுநாள் வளர்ந்தது என்பதும், பார்ப்பவர் பார்த்திருந்தாற் காணக்கூடியதாயிருந்தது என்பதும் ஊகிக்கப்படும். கீறல் ஒரு துளையின் விளிம்பிலே தொடங்கியதா, வார்ப்பின் உட்குமிழியிலே தொடங்கியதா என்பதைக் கண்டு, துளையிட்டவரையோ வார்த்தவரையோ அறிஞர் சுட்டுவர். விபத்து நடந்த மறுநாளே முறிந்த கவையைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தின் பின் சட்டத்தரணியை நாடிச் செல்வோர் உளர். வேறு சிலர் இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத் தேய்த்து, கோடுகளை அழித்துவிடுகின்றனர். முறிந்த முகங்கள் ஒன்றையொன்று தொடாதவாறு, கழுவாமலும் எண்ணெய் துடைக்காமலும், ஈரம் படாதபடி தனித்தனியே சுற்றி வைத்தல் வேண்டும். திருகாணிகளும் சுரைகளும் வீதியிற் கிடந்தால் அவற்றையும், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, எடுத்துவைத்தல் வேண்டும். பொறித்தொகுதியோடு வந்த அறிவுறுத்தற் தாளும், கடைக்காரர் கொடுத்த பற்றுச்சீட்டும் அவற்றோடு இருக்கவேண்டியவை.